தினமும் கடக்கும் சுவர்: தெரு ஓவியமும் வடிவமைப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அப்பா போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். கடைப் பெயர், கட்சிச் சுவர், திருவிழா வளைவு எல்லாம் கையால் எழுதியவர். பிளெக்ஸ் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. அவருக்கு ஏணி பிடித்து வளர்ந்ததால் எந்த ஊருக்குப் போனாலும் என் கண் முதலில் சுவரைத்தான் தேடும். சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு நீளமான மதிலில் படம் வரைந்தோம். அப்போதிலிருந்து தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் என்னிடம் கேட்டுவரும் கேள்விகளும், நான் சொல்லிவரும் பதில்களும் இவை.

சுவரில் படம் வரைந்தால் பார்வை மாறும் என்கிறீர்கள். எப்படி?

தினமும் பார்க்கிற ஒன்றை நாம் உண்மையில் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் போகும் வழியில் எத்தனை மதில் இருக்கிறது, எது என்ன நிறம் என்று திடீரென்று கேட்டால் பதில் வராது. கண்ணுக்குப் பழகிப்போனது மனதுக்குள் போவதில்லை. பழகிய இடத்தில் புதிதாக ஒன்று வந்தால் நடை தளர்கிறது, ஒரு நிமிடம் நிற்கிறோம். அந்த ஒரு நிமிடம்தான் முக்கியம். நின்றவர் படத்தை மட்டும் பார்ப்பதில்லை, அதன் பக்கத்தில் இருப்பதையும் பார்ப்பார்.

எங்கள் மதிலில் வேலை முடிந்த வாரம் ஒரு பெரியவர் வந்தார். படம் நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, "அது சரி தம்பி, இந்தச் சாக்கடைக்கு மூடியே இல்லையே?" என்றார். அந்த மூடி நாலு வருடமாக இல்லை. அவரும் நாலு வருடமாக அதே வழியில்தான் நடந்தார். அந்த வாரமே பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். தெரு ஓவியத்தை நான் நம்புவதற்குக் காரணம் அந்தச் சாக்கடை மூடிதான்.

வண்ணம் அடித்தே ஒரு நகரம் மாறிய உதாரணம் இருக்கிறதா?

அல்பேனியாவின் தலைநகர் திரானாவைச் சொல்வேன். கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் கட்டிய சாம்பல் நிற அடுக்குமாடிகள். அந்த ஆட்சி விழுந்த பிறகு பூங்காக்களிலும் ஆற்றங்கரையிலும் கண்டபடி முளைத்த ஆக்கிரமிப்புக் கடைகள். நகராட்சியிடம் பணம் கிடையாது. 2000ஆம் ஆண்டு எடி ராமா மேயராக வந்தார். அடிப்படையில் அவர் ஓவியர். கட்டடங்களை இடித்துக் கட்ட முடியாது, வண்ணம் அடிக்கலாமே என்று ஆரம்பித்தார். முதல் கட்டடத்துக்கு ஆரஞ்சு நிறம். சாம்பல் சுவரில் அந்த நிறம் தெரிந்ததுமே சாலையில் வண்டிகள் நின்றுவிட்டன, கூட்டம் கூடிவிட்டது என்று அவரே ஒரு மேடையில் விவரித்திருக்கிறார்.

அந்த உரையில் இன்னும் இரண்டு செய்திகள் எனக்குப் பிடித்தவை. நிதியைக் கவனித்துவந்த ஐரோப்பிய ஒன்றிய அதிகாரி, இந்த வண்ணங்கள் ஐரோப்பியத் தரத்துக்குள் வராது, சமரசம் செய்துகொள்ளுங்கள் என்றாராம். வண்ணங்களில் சமரசம் செய்தால் கடைசியில் வருவது சாம்பல் நிறம்தான் என்பது ராமாவின் பதில். பிறகு மக்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். 63 சதவீதம் பேருக்குப் பிடித்திருந்தது, 37 சதவீதம் பேருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களிலும் பாதிப் பேர் வேலை தொடரட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நிறுத்தாதீர்கள் என்று ஒருவர் சொன்னால், தன் ஊரைப் பற்றிப் பேச அவருக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் பெயின்ட் மட்டும் போதவில்லை. ஆக்கிரமிப்புகளை அகற்றினார்கள், மரம் நட்டார்கள், தெருவிளக்குப் போட்டார்கள். வண்ணம் முதல் அடி. அதன் பின்னால் அடுத்த அடி வந்ததால்தான் திரானாவை இன்றும் உதாரணமாகச் சொல்ல முடிகிறது.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்தானே?

இல்லவே இல்லை. கோயில் மதிலில் இருக்கும் வெள்ளையும் காவியுமான பட்டைகளை நினைத்துப் பாருங்கள். கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே அந்தப் பட்டை 'இங்கே கோயில் இருக்கிறது' என்று சொல்லிவிடுகிறது. ஒரு எழுத்துகூட அதில் கிடையாது. எந்த வடிவமைப்புப் பள்ளியிலும் பாடமாக வைக்கக்கூடிய வேலை அது.

அப்புறம் கோலம். தெருவில் நடந்து போகிறவருக்கு ஒவ்வொரு வாசலும் ஒரு செய்தி சொல்கிறது. பெரிய கோலம் என்றால் வீட்டில் விசேஷம். வழக்கமாகக் கோலம் இருக்கும் வாசல் வெறுமையாக இருந்தால், உள்ளே துக்கமோ என்று மனம் ஒரு கணம் நிற்கும். காலையில் போட்டது மாலைக்குள் காலடியில் கலைந்துவிடும் என்று தெரிந்தே போடுகிறார்கள். தெரு ஓவியம் அழிந்துவிடுகிறதே என்று வருத்தப்படுகிறவர்களிடம் நான் சொல்வது இதைத்தான்.

சென்னையிலும் இதற்கு முன்கதை உண்டு. மா. சுப்பிரமணியன் மேயராக இருந்த காலத்தில், 2009–10 வாக்கில், அண்ணா சாலை போன்ற முக்கியச் சாலைகளின் பொதுச் சுவர்களில் போஸ்டருக்குத் தடை போட்டு, தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளையும் இயற்கைக் காட்சிகளையும் மாநகராட்சி வரையவைத்தது. வரைந்தவர்களில் பலர் சினிமா பேனர் வரைந்து, பிளெக்ஸால் வேலை இழந்தவர்கள். ஒரே மாதிரி காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தன என்பது உண்மைதான். ஆனாலும் கையில் தொழில் இருந்தும் சும்மா உட்கார்ந்திருந்த எத்தனையோ பேர் மறுபடி தூரிகை எடுத்தார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்தச் சுவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கண்ணகி நகரைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே உண்மையில் என்ன மாறியது?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கண்ணகி நகர் சென்னையின் தெற்கே, துரைப்பாக்கம் பக்கம், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி இருக்கிறது. ஆற்றங்கரைகளிலும் நகருக்குள் வேறு இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவர்களை 2000ஆம் ஆண்டிலிருந்து இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். நாட்டின் மிகப் பெரிய மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் ஒன்று. வீடு கிடைத்தது, ஆனால் வேலை பழைய இடத்திலேயே இருந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் பல கிலோமீட்டர் பஸ்ஸில் போய்வர வேண்டியிருந்தது. பலருடைய பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது.

இதையெல்லாம்விடக் கொடுமை, அந்தப் பெயருக்கு வந்த கெட்ட பெயர். குற்றச் செய்தி என்றால் மட்டும் பத்திரிகையில் ஊர்ப் பெயர் வரும். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கண்ணகி நகர் என்று எழுதத் தயங்கி, துரைப்பாக்கம் என்று எழுதிய இளைஞர்கள் உண்டு. சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி மாளிகைகளாக ஐ.டி. நிறுவனங்கள். இந்தப் பக்கம் இருப்பவர்களை அங்கிருந்து யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

2020இன் தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏசியன் பெயின்ட்ஸ் நிறுவனத்தோடும் சென்னை மாநகராட்சியோடும் சேர்ந்து அங்கே பெரிய ஓவியங்களை வரையத் தொடங்கியது. டெல்லி லோதி காலனியில் அரசுக் குடியிருப்புச் சுவர்களை ஒரு திறந்தவெளிக் கலைக்கூடமாக மாற்றிய அமைப்பு அது. சென்னையின் ஏ-கில் உள்ளிட்ட ஓவியர்களும் வெளிநாட்டவரும் வந்தார்கள். அடுக்குமாடியின் பக்கச் சுவர், தரையிலிருந்து மொட்டைமாடிவரை ஒரே படம்.

மாறியது என்ன? வெளியாட்கள் முதல்முறையாக விரும்பி வந்தார்கள். பத்திரிகையில் ஊர்ப் பெயர் வேறு காரணத்துக்காக வந்தது. பிள்ளைகளுக்கு வழி சொல்ல அடையாளம் கிடைத்தது. பிளாக் எண்ணைச் சொல்லாமல், 'அந்த முகம் இருக்கிற வீட்டுப் பக்கம்' என்று சொல்லலாம். ஒரே அச்சில் வார்த்த கட்டட வரிசையில் உன் வீடு எது என்று தனியாகத் தெரிவது பெரிய விஷயம்.

மாறாதது என்ன? தூரம் மாறவில்லை. கழிவுநீர், குடிநீர்ப் பிரச்சினைகள் வண்ணத்தால் தீரவில்லை. அந்தச் சுவர்களுக்குள் இருக்கும் வீடு அதே சின்ன வீடுதான். ஏழ்மையைப் பூசி மறைக்கிறார்கள் என்று விமர்சித்தவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அந்த விமர்சனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், அடிப்படை வசதி முழுதாக வரும்வரை அழகு வரக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வசதியான பேட்டையில் யாரும் அப்படிக் கணக்குப் பார்ப்பதில்லையே. இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்தே அவரைத் தமிழ்நாடு கொண்டாடியது. அந்தப் பெருமை ஓவியத்தால் வந்ததில்லை, அவர் விளையாடிய விளையாட்டால் வந்தது. பெயரை மீட்க எந்தச் சுவராலும் இதைவிட அதிகம் செய்ய முடியாது. இதைச் சொல்லாவிட்டால் என் பதில் நேர்மையாக இருக்காது.

மதிலில் சாமி படம் ஒட்டுவதும் தெரு ஓவியம்தானா?

அதுவும் பார்வையை மாற்றும் வேலைதான், சந்தேகமில்லை. 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதினால் யாரும் கேட்பதில்லை. பிள்ளையார், இயேசு, மெக்கா என்று வரிசையாக டைல்ஸ் பதித்தால் இடம் சுத்தமாகிவிடுகிறது. ஆனால் அது பயத்தையோ பக்தியையோ காட்டி ஆளை விரட்டுகிறது. அவசரம் வந்தவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு அந்த டைல்ஸில் பதில் இல்லை. பக்கத்தில் ஒரு பொதுக் கழிப்பறையும், அதற்கு வழிகாட்டும் தெளிவான அம்புக்குறியும் இருந்தால்தான் அது முழுமையான வடிவமைப்பு.

படமே இல்லாத வடிவமைப்பும் பார்வையை மாற்றுமா?

தாராளமாக. நான் அடிக்கடி சொல்வது மெக்சிகோ நகர மெட்ரோ. 1969இல் அது திறந்தபோது, ஒவ்வொரு நிலையத்துக்கும் லான்ஸ் வைமன் என்ற வடிவமைப்பாளர் தலைமையில் ஒரு சின்னம் வரைந்தார்கள். சாபுல்தெபெக் என்ற இடப்பெயரிலேயே வெட்டுக்கிளி இருக்கிறது, அதனால் அங்கே வெட்டுக்கிளி. பினோ சுவாரெஸ் நிலையத்துக்குத் தோண்டியபோது பழங்குடிக் கோயில் ஒன்று வெளிப்பட்டது, அதனால் அங்கே அந்தக் கோயில். எழுத்துத் தெரியாதவரும் வெட்டுக்கிளியில் இறங்கினால் போதும். நம் ஊருக்கு இது புதிதில்லை. 1951–52 முதல் பொதுத் தேர்தலிலேயே சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டவர்கள் நம் பாட்டிகள்.

பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், 2022இல் சென்னையில் பெண்களுக்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்துகளுக்கு அடித்த பிங்க் நிறம். அதற்கு முன் பஸ் கிட்டே வந்த பிறகு போர்டைத் தேடி, நடத்துநரிடம் கேட்டு, பதில் வருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். நிறம் வந்த பிறகு ரொம்ப தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது. அந்த நிறம் பலருக்குப் பிடிக்கவில்லை, எனக்கும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறது.

தி.நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கியதும் இதே வகைதான். கடைக்காக மட்டும் போன இடத்தில் இப்போது ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். உட்கார ஒரு இடம் போட்டதும் தெருவே வேறாகத் தெரிகிறது.

ஓவியம் வந்து பிரபலமானால் அங்கே இருப்பவர்கள் வாடகை ஏறி வெளியே போக வேண்டியிருக்குமா?

அந்த ஆபத்து இருக்கிறது. மலேசியாவின் பினாங்கு ஜார்ஜ் டவுனைப் பாருங்கள். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லிட்டில் இந்தியா அங்கேதான் இருக்கிறது. 2012இல் லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னெஸ்ட் சகாரெவிச் அங்கே சில சுவர்களில் வரைந்தார். ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் ஒரு அக்காவும் தம்பியும் சைக்கிளில் போகும் படம்: பிள்ளைகள் வண்ணத்தில், சைக்கிள் மட்டும் சுவரில் பொருத்திய நிஜச் சைக்கிள். வருகிறவர்கள் வரிசையில் நின்று, சைக்கிளைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய சுவரின் உரிந்த காரையைக்கூட ரசிக்கக் கற்றுக்கொடுத்த ஓவியங்கள் அவை.

ஆனால் கூட்டம் சேர்ந்ததும் பழைய தொழில்கள் இருந்த இடத்தில் காபிக் கடைகளும் நினைவுப்பொருள் கடைகளும் வந்தன. பழியை ஓவியத்தின் மேல் மட்டும் போட முடியாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000லேயே முடிவுக்கு வந்திருந்தது, 2008இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்திருந்தது. குடியிருப்பவர்களுக்குப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் அழகு சேர்த்தால், அந்த அழகு வேறு யாருக்கோ லாபமாகப் போகும்.

எதை வரைவது என்று யார் முடிவு செய்ய வேண்டும்?

அந்தச் சுவரைத் தினமும் பார்க்கப்போகிறவர்கள். ஓவியருக்குச் சுதந்திரம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் ஒரு வாரத்தில் போய்விடுவார்.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1984இல் சுவர்க் கிறுக்கல்களைத் தடுக்க நகர நிர்வாகம் ஒரு திட்டம் தொடங்கியது. கிறுக்கிய இளைஞர்களையே ஓவிய வேலைக்குச் சேர்த்துக்கொண்டார் ஜேன் கோல்டன் என்ற ஓவியர். பின்னாளில் அது நகரத்தின் சுவரோவியத் திட்டமாகவே வளர்ந்தது. அவர்கள் பயன்படுத்தும் ஒரு முறை எனக்கு மிகவும் பிடிக்கும். மெல்லிய துணியில் படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, பள்ளியிலும் சிறையிலும்கூட ஆட்களை வரையவைத்து, பிறகு சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். சாரத்தில் ஏற முடியாத பாட்டியும் பங்கெடுக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. 2019 நவம்பரில் இலங்கை அதிபர் தேர்தல் முடிந்ததும் நாடு முழுக்க இளைஞர்கள் ஆர்வமாகச் சுவர்களில் வரைந்தார்கள். நல்ல படங்கள் நிறைய இருந்தன. நடுவே போர் வெற்றியையும் படைவீரர்களையும் போற்றும் படங்களும் இருந்தன. அந்தப் போரில் பிள்ளையை இழந்த ஒரு தமிழ்த் தாய் தினமும் அந்தச் சுவரைக் கடந்து சந்தைக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். ஒருவருக்குப் பெருமையான படம் இன்னொருவரிடம் 'இது உன் தெரு இல்லை' என்று சொல்லிவிடும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம். தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பொதுச் சுவர் என்றால் மாநகராட்சி, நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே என்று அது யாருக்குச் சொந்தமோ அவர்களிடம். தமிழ்நாட்டில் பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக 1959லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது.

எவ்வளவு நாள் தாங்கும்?

சுவரைப் பொறுத்தது. எங்கள் மதிலில் நாங்கள் செய்த தப்பு, ஓதம் ஏறும் சுவரில் அவசரப்பட்டுப் பெயின்ட் அடித்தது. ஒரு மழைக்காலம் முடிந்ததும் கீழ் இரண்டடி பொரிந்து உதிர்ந்துவிட்டது. முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை நிறுத்துங்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, விரிசலைப் பூசி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, அப்புறம் வெளிச்சுவருக்கான எமல்ஷன். டிஸ்டெம்பர் வேண்டாம், மழைக்கு நிற்காது. மேற்கு வெயில் நேராக விழும் சுவரில் சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடலாம். ஐப்பசி, கார்த்திகையில் ஆரம்பிக்காதீர்கள். தை பிறந்ததும் தொடங்கினால் நிம்மதியாக முடிக்கலாம்.

எங்கள் தெருவில் செய்ய நினைக்கிறோம். எங்கே ஆரம்பிப்பது?

பெயின்ட் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் அந்தச் சுவரைச் சும்மா பாருங்கள். காலையில் யார் கடக்கிறார்கள், மதியம் யார் நிழலுக்கு ஒதுங்குகிறார்கள், குப்பை எந்த நேரத்தில் விழுகிறது, ராத்திரி வெளிச்சம் இருக்கிறதா. எங்கள் மதிலடியில் ஒரு அம்மா இட்லிக் கடை போட்டிருந்தார். படம் வரைவதற்காக நாலு நாள் தள்ளிப் போகச் சொன்னோம். அந்த நாலு நாள் வருமானத்தைப் பற்றி எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. அவரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. பிறகு தெரிந்து, வசூல் செய்த பணத்தில் ஈடு கொடுத்தோம். இப்போது யார் கேட்டாலும் செலவுக் கணக்கில் இதையும் எழுதச் சொல்கிறேன்.

எதை வரைவது என்று குழந்தைகளிடம் தனியாகக் கேளுங்கள், பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் பேச மாட்டார்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்கும் வேலைக்கு உங்கள் ஊரில் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் யாராவது இருப்பார், தேடிப் பிடியுங்கள். அவருக்குக் கூலி கொடுங்கள். சேவையாகச் செய்யுங்கள் என்று கேட்காதீர்கள். முடிந்ததும் படத்தின் ஓரத்தில் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். என் அப்பா ஆயிரக்கணக்கான சுவர்களில் எழுதியிருக்கிறார். அவர் பெயர் எழுதிய சுவர் எங்கள் தெருவில் இருக்கும் அந்த ஒன்றுதான்.

கண்ணகி நகர் ஓவியங்களைப் பார்க்க நாங்கள் போகலாமா?

போங்கள். அது கண்காட்சி இல்லை, ஆட்கள் குடியிருக்கும் இடம் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சுவரைப் படம் எடுப்பது வேறு, ஜன்னல் வழியே வீட்டுக்குள் எடுப்பது வேறு. பிள்ளைகளைப் படம் எடுப்பதென்றால் பெற்றவர்களிடம் கேளுங்கள். டீ குடிக்க வேண்டுமென்றால் அங்கேயே குடியுங்கள். எந்தப் படம் நன்றாக இருக்கிறது என்று அங்கே இருக்கும் ஒரு அக்காவிடம் கேட்டால் கூடவே வந்து காட்டுவார். கூடவே, பஸ் எத்தனை மணிக்கு ஒன்று வருகிறது, தண்ணீர் எப்போது வருகிறது என்பதையும் சொல்வார். அதையும் நின்று கேட்டுவிட்டு வாருங்கள்.